முகம் காயும் முன்

ஜனவரி 18

சிட்டுவின் சித்திக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சிட்டுவுக்கு ஒரு வாரமாகச் சளி, இன்றுதான் கொஞ்சம் தேவலை. மற்ற இருவரும் சுகம்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. சென்ற வருடம் சிட்டுவின் அப்பாவை மணந்துகொண்டவள் நான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பவர் பார்த்து, முகத்துக்கு ஏற்ற ஃபிரேம் பொருத்திக் கொடுப்பது என் வேலை. போன் செய்யத்தான் நினைத்தேன். "அவ எடுக்க மாட்டா. கடை போர்டுல இருந்த நம்பரையே அழிச்சிட்டா" என்றார் இவர். அதனால் கடிதம்.

ஜூன் 14 அன்று சிட்டுவுக்கு ஏழு வயது முடிகிறது. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, இருந்தாலும் அவள் இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். "கேக் மேல என்ன பொம்மை வைக்கலாம்? பூனையா, இளவரசியா?" என்று கேட்டேன்.

"அம்மா."

"எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பஸ் ஓட்டுற அம்மா. நீலச் சட்டை போட்ட அம்மா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

உங்கள் அக்காவை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்த முகம் தெரிந்தவர், சர்க்கரையில் பொம்மை செய்யவும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். செய்து தருவீர்களா?

இப்படிக்கு,
என்ன உறவு போட்டுக் கையெழுத்திடுவது என்று தெரியாத ஒருத்தி


பிப்ரவரி 21

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. சிட்டுவுக்குச் சளி முழுதாக விட்டதா? அவளுக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ளும். ஈரத்தலையோடு விடாதீர்கள்.

பொம்மை செய்ய இயலாது. இப்போது என் கடையில் பூ, கார், வீடு இவைதான் செய்கிறோம். மனித உருவம் எடுப்பதில்லை. எடுத்தாலும், என் அக்காவைச் செய்து கத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது. நீங்கள் இதை யோசித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

வேண்டுமானால் பூனை செய்து அனுப்புகிறேன்.

மாமாவிடம் நான் எதுவும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

கேக் கடையிலிருந்து


மார்ச் 3

சிட்டுவின் சித்திக்கு,

வணக்கம். உங்கள் பதிலுக்கு நன்றி. சளி விட்டுவிட்டது. தலையை நன்றாகத் துவட்டித்தான் அனுப்புகிறேன்.

பூனை வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. சிட்டுவிடம் கேட்டேன். "பூனைய எனக்குத் தெரியாதே" என்கிறாள்.

கத்தியைப் பற்றி நானும் யோசித்தேன். அவளிடமே கேட்டேன். "கேக் வெட்டும்போது உனக்குக் கஷ்டமா இருக்காதா? அம்மா படத்தப் பக்கத்துல வச்சுக்கலாமே?" அதற்கு அவள், "படத்துல அம்மா கண்ணாடிக்கு உள்ள இருக்காங்க. தொட்டா கண்ணாடிதான் கையில படுது" என்றாள்.

அதனால் நானே செய்து பார்க்கிறேன். ஃபாண்டன்ட் என்று சொல்லும் சர்க்கரை மாவு ஒரு பொட்டலம் வாங்கினேன். முதல் பொம்மையைத் தட்டில் வைத்திருந்தபோது இவர் வந்து, "உருளைக்கிழங்குக்கு யாரு சட்டை போட்டது?" என்றார். யார் என்று சொன்னதும் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டாவது பொம்மைக்குக் கழுத்து உள்ளே இறங்கிவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்தேன், வெளியே எடுத்ததும் வியர்த்து, நீலச் சாயம் கைக்கு வழிந்தது. கழுத்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று. சிட்டு என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க" என்பாள். சித்தி என்று கூப்பிடச் சொன்னார் இவர். "சித்தி வேற ஊர்ல இருக்காங்க" என்று பதில் வந்தது. உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. அதைத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
உருளைக்கிழங்கு செய்தவள்


மார்ச் 14

கண்ணாடிக்காரம்மாவுக்கு,

நலம்தானே? எனக்கு ஒன்றும் இல்லை, நிற்கும் வேலை, கால்தான் வலிக்கிறது.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கடையில் நின்றபடி உருளைக்கிழங்கை நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு சும்மா இருப்பது நியாயமில்லை.

ஃபிரிட்ஜ் பக்கமே போகாதீர்கள். சர்க்கரைக்கு ஈரம்தான் எமன். மாவை இறுக்க ஒரு பொடி விற்கும், கேக் சாமான் கடையில் கேளுங்கள். கால் கிலோ மாவுக்கு அரை டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் மூடி வையுங்கள். முதலில் காலும் உடம்பும். அதை ஒரு முழு நாள் காயவிட்ட பிறகுதான் தலை. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கியிருப்பீர்கள். கழுத்துக்குள் பல்குச்சி வேண்டாம், கடிக்கிற பிள்ளைகளின் வாயைக் குத்தும். சமைக்காத ஸ்பகெட்டிக் குச்சியை நடுவில் செருகுங்கள். தாங்கும், தின்னவும் செய்யலாம்.

முகம் மட்டும் வைக்காதீர்கள். கண், மூக்கு இல்லாமல் வழவழவென்று விட்டுவிடுங்கள். மற்ற கடைகளில் இப்போது நிறையப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். முகத்து மாவு தோல் கட்டுவதற்குள் கண்குழி, மூக்கு, வாய் எல்லாம் முடிந்தாக வேண்டும். பத்து நிமிடம்தான். நடுவில் கையை எடுக்க முடியாது. உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

கேக் கடையிலிருந்து


ஏப்ரல் 5

கேக்காரம்மாவுக்கு,

கால்வலி எப்படி இருக்கிறது? எங்கள் கடையிலும் நிற்கும் வேலைதான். நான் மாலையில் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் படுப்பேன். சிரிக்காமல் செய்து பாருங்கள்.

கழுத்து நிற்கிறது! நீலச் சட்டைக்குக் காலர் வைத்தேன். ஸ்டீயரிங் என் கண்ணுக்கே அழகாக வந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி முகத்தை வழவழவென்று விட்டு, அலமாரி மேல் தட்டில் காயவைத்தேன். சிட்டு நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துவிட்டாள்.

"அம்மாவுக்கு ஏன் மூஞ்சி இல்ல?"

"இன்னும் முடியலடா."

"அவங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் போய், தன் துணி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே உங்கள் அக்காவின் மூக்குக்கண்ணாடி.

எனக்குப் பழக்கமான பொருள் அது ஒன்றுதான். மறுநாள் கடைக்குக் கொண்டுபோய் அளந்தேன். எழுதுகிறேன், சரியா என்று சொல்லுங்கள். இரண்டு கண்மணிக்கும் நடுவே அறுபத்தொரு மில்லிமீட்டர். இடது பக்கக் காதுக் கம்பியை யாரோ நிதானமாக மேலே வளைத்திருக்கிறார்கள். அப்படியானால் இடது காது வலதைவிட ஒரு நூல் உயரம். மூக்குத் தாங்கிகளில் வலது பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, மூக்குத் தண்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். அது தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடும் மைனஸ் பவர் கண்ணாடி. அந்த லென்ஸ் போட்டால் கண் வெளியே சின்னதாகத் தெரியும். எங்களிடம் இருக்கும் எல்லாப் படத்திலும் அவர் கண்ணாடி போட்டிருக்கிறார். ஆக நாங்கள் பார்ப்பது அவருடைய உண்மையான கண் இல்லை. அது இன்னும் பெரியது. சிட்டுவுக்குத் தெரிந்தது எந்தக் கண்?

மாவுக்கு இதெல்லாம் தேவைப்படுமா என்று தெரியவில்லை. அளந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அன்புடன்,
கண்ணாடிக்காரம்மா


மே 12

கண்ணாடிக்காரம்மாவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்து வாரமாகப் பதில் போடாததற்கு உடம்பு காரணம் இல்லை.

இடது காது என்று படித்த இடத்தில் கடையை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். "உன் ஒரு காது மாடியில குடியிருக்கு" என்று அவளைக் கேலி செய்தவள் நான். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. அவளைப் பார்க்காதவர், அவள் விட்டுப்போன ஒரு கம்பியின் வளைவிலிருந்து அந்தக் காதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்களிடம் இனி மறைப்பது சரியில்லை.

அக்கா போன அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு பையனின் பிறந்தநாள் கேக்குக்காகப் பந்தாட்டக்காரப் பொம்மை செய்துகொண்டிருந்தேன். முகம் வைத்துக்கொண்டிருந்தேன். போன் எதிரே அலமாரியில் இருந்தது. திரையில் 'அக்கா' என்று தெரிந்தது. கையெல்லாம் மாவு. முகம் காய்ந்துவிடும், முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நின்றது. மறுபடி அடித்தது. மூன்று முறை. முகம் முடிந்ததும் கை வேலையில் சூடு பிடித்திருந்தது, தலைமுடியையும் வைத்துவிட்டேன். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் எடுத்து, "பஸ் டிப்போவில மயங்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க" என்றார். நான் ரயில் ஏறும்போதே மூளையில் ரத்தம் கசிந்து எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் பொம்மையின் முகம் ரொம்ப நன்றாக வந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் முகம் செய்ததில்லை.

மாமா மறுமணம் செய்தபோது, அந்தக் கோபத்தில்தான் நான் அங்கே வருவதில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மறுக்கவில்லை. கோபம் என்றால் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. உண்மையில் எனக்குப் பயம். சிட்டு வளர்ந்து ஒருநாள், "அன்னைக்கு அம்மா உங்களக் கூப்பிட்டாங்களாமே?" என்று கேட்பாள். உங்கள் மேல் எனக்கு எந்த நாளும் வருத்தம் இருந்ததில்லை. உங்களை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

அவள் எதற்குக் கூப்பிட்டாள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. மாமாவுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள்,
சிட்டுவின் சித்தி


மே 19

சிட்டுவின் சித்திக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இவரிடம் கேட்டேன். நெடுநேரம் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "தெரியாது. எனக்கு அவ கூப்பிடவே இல்ல. போன்ல பார்த்தேன், மூணு தடவையும் தங்கச்சிக்குத்தான் அடிச்சிருந்தா. வலிச்சப்போ அவளுக்கு என் ஞாபகம் வரல."

இதை அவர் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எடுக்காத அழைப்பை நினைத்து நீங்கள் அங்கே. வராத அழைப்பை நினைத்து அவர் இங்கே.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன். சிட்டுவின் கேக்குக்கு என்ன நிறம் என்று கேட்கத்தான் உங்கள் அக்கா அன்று கூப்பிட்டார், வேறு ஒன்றும் இல்லை, இவரிடம் சொல்லியிருந்தார் என்று. நன்றாகத்தான் வந்திருந்தது, நீங்கள் நம்பியிருப்பீர்கள். கிழித்துப் போட்டேன். பவர் தெரியாமல் கையில் கிடைத்த லென்ஸைப் போட்டு அனுப்பினால், வாங்கியவருக்கு முதலில் தெளிவாகத் தெரிவதுபோல் இருக்கும். பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைவலி. எதற்குக் கூப்பிட்டார் என்பது தெரியாது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியாது. இரண்டையும் அளக்க என்னிடம் கருவி இல்லை.

மூக்குக்கண்ணாடியை இத்துடன் அனுப்புகிறேன். சிட்டுவிடம் கேட்டேன். "சித்தி திருப்பித் தருவாங்களா?" என்றாள். தருவார்கள் என்றேன். "அப்ப குடுங்க" என்றாள். பொம்மை செய்யச் சொல்லி அனுப்பவில்லை. கொஞ்ச நாள் உங்களிடம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
கண்ணாடிக்காரம்மா


மே 31

கண்ணாடிக்காரம்மாவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். கால்வலிக்குச் சுவரும் துணை செய்கிறது.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கடை முழுக்கச் சுருங்கி, கலங்கித் தெரிந்தது. அதோடு அப்படியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மாவு பிசைந்தேன்.

ஏழு முகம் செய்தேன். ஆறை நசுக்கிவிட்டேன். முதல் முகம் மூக்கு வைப்பதற்குள் காய்ந்துவிட்டது. மூன்றாவது எங்கள் அம்மா மாதிரி வந்தது. ஐந்தாவது நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே பயந்து நசுக்கினேன். ஏழாவதை நசுக்கவில்லை; நீலச் சட்டையும் ஸ்டீயரிங்குமாக ஒரு உடம்பு செய்து அதன் மேல் வைத்தேன்.

சிட்டுவுக்குத் தெரிந்த கண் எது என்று கேட்டிருந்தீர்கள். அவளைத் தூங்க வைக்கும்போது அக்கா கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அந்தக் கண்ணைத்தான், அதன் முழு அளவில் வைத்திருக்கிறேன். கண்ணாடியைத் தனியாக, நூல் மாதிரி உருட்டிய மாவில் செய்து இரண்டு நாள் காயவைத்தேன். ஒட்டவில்லை, காதில் மாட்டியிருக்கிறது. கழற்றலாம்.

பார்சலில் அனுப்பினால் தூளாகிவிடும். மாமாவை வரச் சொல்லுங்கள். எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், சிட்டு உங்களைச் சித்தி என்றே கூப்பிடட்டும். அந்தச் சொல்லை எனக்கு யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
கேக்காரம்மா


ஜூன் 11 (பெட்டிக்குள் வைத்தது)

கண்ணாடிக்காரம்மாவுக்கு,

மாமா வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் அவசரமாக எழுதுகிறேன். எல்லோரும் சுகமாக இருங்கள்.

மாமா காலையில் வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது, நீங்கள் சொல்லவே இல்லையே. பெட்டியைத் திறந்து காட்டினேன். பார்த்தார். தெருவுக்குப் போய், எதிர்க்கடை வாசலில் நின்றார். திரும்பி வந்து, "அவ இன்னும் கொஞ்சம் குண்டு" என்றார்.

"சர்க்கரை தாங்காது மாமா. கால் உடைஞ்சிடும்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு உன்னத்தான் கூப்பிட்டா" என்றார்.

"எடுக்கல மாமா."

"தெரியும்" என்றார். பெட்டியை மூடினேன். பிறகு அவர், "நீயும் நானும் மூணு வருஷமா ஒரே விஷயத்தத் தனித்தனியா தூக்கிட்டு அலையுறோம்" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். கேக்கின் மேல் வெட்டும் அன்று வையுங்கள், முன்னாலேயே வைத்தால் கிரீம் ஈரத்தில் கால் கரையும். மூக்குக்கண்ணாடியும் பெட்டியில் இருக்கிறது. சிட்டுவின் கையில் கொடுங்கள்.

நானும் வரலாம் என்றார் மாமா. ஆர்டர் இருக்கிறது என்றேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

சி. சித்தி


ஜூன் 22

சிட்டுவின் சித்திக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு, அது உண்மைதானா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மைதான்.

பொம்மை ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஒன்பது மணி நேரம் மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியைச் சிட்டுவின் கையில் கொடுத்ததும், "சொன்ன மாதிரியே தந்துட்டாங்க" என்று டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

பிறந்தநாளுக்கு அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் சிட்டு கை தட்டவில்லை, கத்தவில்லை. முகத்தை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள். பிறகு பொம்மையின் காதில் இருந்த சர்க்கரைக் கண்ணாடியைக் கழற்றி வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். "அம்மா தூங்கப் போறாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பொம்மையை ஒரு தட்டில் எடுத்துப்போய்த் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கேக் வெட்டினாள். கத்தி பொம்மையின் பக்கம் போகவே இல்லை.

எல்லோருக்கும் துண்டு போடும்போது, "சித்தி, தட்டு" என்றாள். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னைச் சொல்கிறாள் என்று. தட்டை நீட்டினேன்.

பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஓடினோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் நீலம். தட்டில் ஒரு கையும் ஸ்டீயரிங்கும் மட்டும் இருந்தன. "சாப்பிட்டுட்டேன்ப்பா. எல்லாம் சாப்பிட்டுட்டேன். இனிமே இல்ல. இனிமே வரவே மாட்டாங்க" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா போனதிலிருந்து இவள் அழுது பார்த்ததே இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்று அழுதாள். இவர் மடியில் போட்டுக்கொண்டார். "வரமாட்டாங்கடா" என்றார். "வரமாட்டாங்க" என்று அவளும் திருப்பிச் சொன்னாள். கொஞ்சம் அடங்கியதும் அந்தக் கையை எடுத்து, "இது உங்களுக்கு வச்சேன்ப்பா" என்று அவர் வாயில் ஊட்டினாள். அவர் மென்றார். இரண்டு பேரும் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். அம்மாவைப் பற்றித் தானாகவே பேசுகிறாள். படங்கள் எடுத்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்காரம்மா


ஆகஸ்ட் 2

கண்ணாடிக்காரம்மாவுக்கு,

உங்கள் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன? சிட்டுவையும் மாமாவையும் பிறகு விசாரிக்கிறேன், முதலில் உங்களை.

கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். படங்களையும் பார்த்தேன். பதினான்கு படம். ஒன்றில்கூட நீங்கள் இல்லை. தட்டைக் கழுவப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தட்டைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்று என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஏழு மாதத்தில் எங்கள் எல்லோரையும் அளந்து, வளைத்து, பொருத்தி விட்டீர்கள். உங்களுக்கு எங்கே அழுத்துகிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

சிட்டு அழுதாள் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். நான் செய்து கொடுத்ததால்தானே என்று. பிறகு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். வருகிற பத்தாம் தேதி காலை ஏழரைக்கு வருகிறேன். நான்கு நாள் இருப்பேன். அதில் ஒரு நாள் நீங்கள் கடைக்கு லீவு போட வேண்டும். சிட்டு பள்ளிக்கும் மாமா வேலைக்கும் போகட்டும். நாம் இருவரும் எங்கேயாவது உட்கார்ந்து பேசலாம், இல்லை பேசாமலும் இருக்கலாம்.

சிட்டு கேட்டால் சொல்வேன். அன்று அம்மா கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை என்று அப்படியே சொல்வேன். கேட்காவிட்டால், கேட்கிற வயது வரும்வரை அடிக்கடி வந்துகொண்டிருப்பேன்.

ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் வாருங்கள். நான் கேக் எதுவும் எடுத்து வரப்போவதில்லை, பெட்டி படுக்கையும் கிடையாது, தோளில் ஒரு பை மட்டும்தான். அவள் ஓடி வந்தால் தூக்க வேண்டும்.

உங்கள்,
இன்னொரு சித்தி